பச்சை டிக் வந்துடுச்சு, ஃபிசிக்ஸ் வந்துச்சா?

"ஃபிசிக்ஸ் வரணும்னா சம் போடு, போட்டுக்கிட்டே இரு"ன்னு சொல்லாத வாத்தியாரே கிடையாது. இது எவ்வளவு தூரம் உண்மைன்னு எண்ணியே பாத்திருக்காங்க. தென்கொரியாவுல கிம், பாக்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2002ல ஒரு கட்டுரை போட்டாங்க. காலேஜ்ல சேர்றதுக்கு முன்னாடி பசங்க எத்தனை ஃபிசிக்ஸ் ப்ராப்ளம் போட்டிருக்காங்கன்னு கணக்கெடுத்தா 300லேந்து 2900 வரைக்கும் போகுது, சராசரி சுமார் 1500. அவ்வளவு போட்டவங்ககிட்ட விசை, முடுக்கம்னு அடிப்படையில கைய வச்சு கேட்டா, வழக்கமா எல்லாருக்கும் இருக்கற அதே குழப்பங்கள் பலபேர்கிட்ட அப்படியே இருக்கு, நிறைய போட்டவங்களுக்கு தெளிவு நிறையன்னும் சொல்ல முடியல.

அப்ப சம் போடறதே வேஸ்டான்னு கேட்டா, இல்ல. போடாம ஃபிசிக்ஸ் வந்ததா சரித்திரம் கிடையாது. ஆனா எண்ணிக்கைய மட்டும் ஏத்திக்கிட்டே போனா ஒரு இடத்துக்கு மேல அது எங்கயும் கூட்டிட்டு போறதில்ல, ஆன்லைன்ல ஃபிசிக்ஸ் பயிற்சி தர்ற சைட்டோட பிரச்சனையே அதுதான், எண்ணிக்கைய ஏத்தறது அங்க ரொம்ப ஈஸி. க்ளிக், க்ளிக், பச்சை, சிவப்பு, பச்சை, ஒரு மணி நேரத்துல 40 கேள்வி முடிஞ்சிடும், ஸ்ட்ரீக் (விடாம தொடர்ந்து போட்டதுக்கு சைட் காட்டற எண்ணிக்கை) ஏறியிருக்கும், மனசுக்கு திருப்தியா இருக்கும், மறுநாள் காகிதத்துல கொஞ்சம் மாத்தி கேட்டா கை நிக்கும். ஏன் அப்படி ஆகுதுன்னு புரியணும்னா அந்த சைட்டெல்லாம் உள்ள என்ன பண்ணுதுன்னு கொஞ்சம் பாக்கணும்.

கம்ப்யூட்டர்ல பாடப் பயிற்சி புது சமாச்சாரம் இல்ல. இல்லினாய் பல்கலைக்கழகத்துல டொனால்ட் பிட்சர் பிளேட்டோன்னு ஒரு சிஸ்டத்தை 1960லயே ஆரம்பிச்சுட்டார். ஃபிசிக்ஸ் ஹோம்வொர்க்குக்குன்னே தனியா வந்ததுல முக்கியமானது மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல 1992ல வந்த காப்பா, பின்னாடி அது லான்-காப்பான்னு வளந்துச்சு. மாஸ்டரிங் ஃபிசிக்ஸ்ங்கற ஹோம்வொர்க் சைட்டும் எம்ஐடில டேவிட் பிரிட்சார்ட் குழு செஞ்சதுலேந்து வந்ததுதான். காப்பாவோட முக்கியமான ஐடியா என்னன்னா ஒவ்வொரு ஸ்டூடண்டுக்கும் அதே கேள்வி, ஆனா எண் வேற. உனக்கு 3 கிலோ, பக்கத்துல இருக்கறவனுக்கு 4.2 கிலோ. காப்பி அடிக்கறத தடுக்க நல்ல வழிதான். இன்னிக்கு பெரும்பாலான சைட்ல "இன்னொரு தடவை முயற்சி பண்ணு"ன்னு அமுக்கினா வர்றதும் இதே டெக்னிக்தான், அதே கேள்வி புது எண்ணோட வரும். ஒரு ஃபார்முலால எண்ணை மாத்தி மாத்தி போடறது பத்து ப்ராப்ளம் போட்டதா கணக்குல ஏறும், உண்மையில ஒரு ப்ராப்ளமும் ஒன்பது கால்குலேட்டர் பயிற்சியும்தான்.

அடுத்தது விடை எழுதற அந்த சின்ன பெட்டி. அது எப்படி சரி பாக்குதுன்னு தெரியாம நிறைய பேர் அழறாங்க. ஒரு பந்தை நேரா மேல வினாடிக்கு 20 மீட்டர் வேகத்துல எறியறோம், எவ்வளவு உயரம் போகும்னு கேள்வி. புவியீர்ப்பு முடுக்கத்தை 10ன்னு வச்சா 20 மீட்டர், 9.8ன்னு வச்சா 20.4 மீட்டர். சைட் 9.8 வச்சு விடையை வச்சிருந்து 5 சதவீதம் வித்தியாசத்தை ஏத்துக்கும்னா நீங்க 20 போட்டாலும் பச்சை, 1 சதவீதம்தான் விடும்னா சிவப்பு. அந்த சிவப்பை பாத்துட்டு நமக்கு புரியலயோன்னு முறையையே மாத்தி குழம்பறவங்க உண்டு, புரிஞ்சதுல ஒரு தப்பும் இல்ல, எண்ணுதான் ஒத்துக்கல. நடுவுல வர்ற எண்களை ரவுண்ட் பண்ணி ரவுண்ட் பண்ணி எடுத்துட்டு போனாலும் கடைசில இதே கதிதான். அதனால முதல் கேள்விக்கு முன்னாடியே அந்த சைட் எந்த மதிப்பை எடுக்குது, யூனிட்டை சேத்து எழுதணுமா, மைனஸ் குறி எதிர்பாக்குதா, எத்தனை இலக்கம்னு பாத்துடறது நல்லது. அஞ்சு நிமிஷ வேலை.

இதைவிட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. பெரும்பாலான சைட்டுக்கு தெரியறது நீங்க கடைசியா போட்ட எண் மட்டும்தான், அதுக்கு எந்த வழியா வந்தீங்கன்னு அதுக்கு தெரியாது. ரெண்டு தப்பு சேந்து சரியான விடை வந்தாலும் பச்சைதான், எல்லாம் சரியா பண்ணிட்டு கடைசில சைன் போட வேண்டிய இடத்துல காஸ் போட்டிருந்தாலும் ஒண்ணுமே தெரியாதவனுக்கு விழற அதே சிவப்புதான் விழும். இது எவ்வளவு முக்கியம்னு கர்ட் வான்லெஹ்ன்ங்கற ஆய்வாளர் 2011ல பல ஆய்வுகளை ஒண்ணா சேத்து பாத்தார். மனுஷன் பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்றதோட பலன் சுமார் 0.79, ஒவ்வொரு ஸ்டெப்பையும் பாத்து சரி சொல்ற சாஃப்ட்வேரோட பலன் 0.76, கடைசி விடைய மட்டும் பாக்கற சாஃப்ட்வேருக்கு 0.3 பக்கம்தான். இதெல்லாம் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் அளவுல, உதவி இல்லாம படிச்சவங்களைவிட எவ்வளவு முன்னாடி போனாங்கங்கறத மார்க் வழக்கமா சிதறிக் கிடக்கற அளவோட ஒப்பிட்டு சொல்றது. அதாவது ஸ்டெப் ஸ்டெப்பா பாக்கற புரோகிராம் கிட்டத்தட்ட ஆள் வச்சு சொல்லித் தர்ற அளவுக்கு வந்துடுது, விடைய மட்டும் பாக்கறது பாதிகூட வரல. அமெரிக்க கடற்படை அகாடமில பயன்படுத்தின ஆண்டீஸ்ங்கற ஃபிசிக்ஸ் டியூட்டர் அந்த முதல் வகை, அதுல திசையன் வரையணும், எந்த எழுத்து எதைக் குறிக்குதுன்னு சொல்லணும், சமன்பாடு ஒவ்வொண்ணா எழுதணும், தப்பு எந்த வரில நடந்துச்சோ அந்த வரிலயே பிடிக்கும்.

நாம பயன்படுத்தற சைட் அந்த மாதிரி இல்லன்னா (பெரும்பாலும் இருக்காது) அந்த ஸ்டெப் பாக்கற வேலைய நாமதான் பண்ணனும், அதுக்கு பேப்பர் வேணும். ஸ்கிரீனை பாத்து மனசுலயே போட்டு விடைய தட்டறதுதான் ஆன்லைன் பயிற்சில நடக்கற பெரிய நஷ்டம்னு நான் சொல்வேன். ஒரு உதாரணத்தை முழுசா பாக்கலாம். உராய்வு இல்லாத, எடை இல்லாத ஒரு கப்பி, அது மேல ஒரு கயிறு, ஒரு பக்கம் 3 கிலோ, இன்னொரு பக்கம் 2 கிலோ. கயித்துல இழுவிசை எவ்வளவு? புவியீர்ப்பு முடுக்கம் 10ன்னு வச்சுக்குவோம்.

அவசரத்துல 50 நியூட்டன்னு தட்டறவங்க உண்டு, ரெண்டு பக்க எடையும் கூட்டி. 10ன்னு தட்டறவங்களும் உண்டு, கழிச்சு. 30ன்னும் வரும், கனமான பக்கத்தை அப்படியே எடுத்து. இப்ப பேப்பர்ல ரெண்டு கட்டம் தனித்தனியா வரைங்க. 3 கிலோ மேல கீழ்நோக்கி 30 நியூட்டன், மேல்நோக்கி இழுவிசை. அது கீழ இறங்கப் போகுதுன்னா இழுவிசை 30ஐவிட கம்மியா இருந்தே ஆகணும். 2 கிலோ மேல கீழ்நோக்கி 20, அது மேல ஏறப் போகுதுன்னா இழுவிசை 20ஐவிட அதிகமா இருந்தே ஆகணும். ஒரு சமன்பாடுகூட எழுதல, அதுக்குள்ள விடை 20க்கும் 30க்கும் நடுவுலன்னு தெரிஞ்சுடுச்சு, 50ம் 10ம் 30ம் அங்கயே செத்துச்சு. அப்புறம் கணக்கு: மொத்தம் 5 கிலோவை இழுக்கற நிகர விசை 10 நியூட்டன், முடுக்கம் 2, அப்ப 2 கிலோ பக்கம் 20ம் 4ம் சேத்து 24 நியூட்டன். இன்னொரு பக்கத்துலேந்து சரி பாத்தா 30லேந்து 6 போக அதே 24. இப்ப தட்டுங்க. பச்சை வந்தா சந்தோஷம், ஆனா பச்சைக்கு முன்னாடியே உங்களுக்கு விடை சரின்னு தெரியும், அது பெரிய வித்தியாசம். பரீட்சை ஹால்ல பச்சையும் கிடையாது சிவப்பும் கிடையாது இல்லையா.

சப்மிட் அமுக்கறதுக்கு முன்னாடி இந்த மாதிரி "எதுக்கும் எதுக்கும் நடுவுல வரணும்"னு யோசிக்கறது, "ரெண்டு பக்கமும் ஒரே எடைன்னா என்ன ஆகும்"னு கேட்டுப் பாக்கறது, இதெல்லாம் எந்த சைட்டும் கேக்காது, மார்க்கும் தராது. ஆனா ஃபிசிக்ஸ் தெரிஞ்சவங்க எல்லாரும் யோசிக்காமலே செய்யறது இதுதான்.

சரி, கொரியா பசங்களுக்கு ஏன் 1500 சம்மும் உதவலன்னு திரும்ப வருவோம். ஃபார்முலால எண்ணை போட்டு விடை எடுக்கறதும், என்ன நடக்குதுன்னு புரியறதும் வேற வேற திறமை. மேல சொன்ன பந்தையே எடுத்துக்குங்க. உயரம் 20 மீட்டர்னு டக்குன்னு போடறவங்ககிட்ட, உச்சில பந்து நிக்கற அந்த நொடில முடுக்கம் எவ்வளவுன்னு கேளுங்க, நிறைய பேர் பூஜ்யம்னுதான் சொல்வாங்க. வேகம்தான் பூஜ்யம், முடுக்கம் அப்பவும் 9.8 கீழ்நோக்கி. முடுக்கமும் பூஜ்யமா இருந்தா பந்து அங்கயே தொங்கிக்கிட்டு இருக்கும், கீழயே வராது. அதே மாதிரி லாரியும் சின்ன காரும் மோதினா எது எது மேல அதிக விசை கொடுக்கும்னு கேட்டா லாரின்னு சொல்வாங்க, நியூட்டனோட மூணாவது விதிய அப்பத்தான் ஒப்பிச்சிருப்பாங்க, இருந்தாலும். ரெண்டு விசையும் சமம், கார் நசுங்கறது அதோட நிறை கம்மிங்கறதால முடுக்கம் அதிகமாகறதாலயும் அதோட கட்டமைப்பாலயும்.

இந்த மாதிரி கணக்கே இல்லாத கேள்விகளை கோத்து 1992ல ஹெஸ்டீன்ஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹாமர்னு மூணு பேர் ஒரு டெஸ்ட் வெளியிட்டாங்க, ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரின்னு பேரு. பாத்தா ரொம்ப சின்னப்பிள்ளைத்தனமா இருக்கும், ஆனா பல்கலைக்கழக பசங்களே தடுமாறினாங்க. ஹார்வர்டுல எரிக் மசூர் பாடம் எடுக்கற முறையையே மாத்தினதுக்கு இந்த மாதிரி கேள்விகள்ல தன்னோட மாணவர்கள் திணறினதும் ஒரு காரணம். 1998ல ரிச்சர்ட் ஹேக் இந்த வகை டெஸ்ட்ல ஆறாயிரத்து சொச்சம் பேர் எடுத்த மார்க்கை சேத்து பாத்தார். கோர்ஸ் தொடக்கத்துல தெரியாம இருந்ததுல எவ்வளவு பங்கை கடைசில கத்துக்கிட்டாங்கங்கறதுதான் அளவு. லெக்சர் மட்டும் கேட்ட வகுப்புகள்ல சராசரி 0.23, பசங்க பேசி, யோசிச்சு, உடனுக்குடன் பதில் தெரிஞ்சுக்கற மாதிரி நடந்த வகுப்புகள்ல 0.48. ரெண்டு மடங்கு. ஆன்லைன் பயிற்சி தேர்ந்தெடுக்கும்போது இதை மனசுல வச்சுக்கணும், ஒரு சைட்ல எண் கணக்கு மட்டும்தான் இருக்குன்னா அது பாதி பயிற்சிதான், "எது அதிகம், எது மாறாது, எந்தப் பக்கம், ஏன்"னு கேக்கற கேள்விகள் கட்டாயம் வேணும். சாய்ஸ் கேள்வியா இருந்தாலும் பரவாயில்ல, தப்பான ஆப்ஷன் ஒவ்வொண்ணும் ஒரு உண்மையான குழப்பத்துலேந்து எழுதப்பட்டிருந்தா அது நல்ல கேள்வி. நீங்க தேர்ந்தெடுத்தது தப்புன்னு வந்தா, சரியான விடை எதுன்னு பாக்கறதுக்கு முன்னாடி நான் ஏன் இதை எடுத்தேன்னு ஒரு வரி எழுதிப் பாருங்க, அந்த ஒரு வரிதான் உண்மையில படிப்பு.

அடுத்து எந்த வரிசைல போடறதுன்னு. சைட்டெல்லாம் பாடம் பாடமா பிரிச்சு வச்சிருக்கும், "ஆற்றல் அழியாமை, 15 கேள்வி". தலைப்பே விடையில பாதிய சொல்லிடுது, எந்த ஃபார்முலா எடுக்கணும்னு யோசிக்கவே வேண்டியதில்ல. ஆனா ஃபிசிக்ஸ்ல கஷ்டமே எதை எடுக்கணும்ங்கறதுதான். 30 டிகிரி சரிவு, 5 மீட்டர் உயரம், உராய்வு இல்ல, மேலேந்து ஒரு கட்டை நழுவுது. கீழ வரும்போது வேகம் என்னன்னு கேட்டா ஆற்றல் வழில ஒரே வரி, வினாடிக்கு 10 மீட்டர். கீழ வர எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டா ஆற்றல் மட்டும் போதாது, விசைக்கு போகணும், சரிவு நீளம் 10 மீட்டர், முடுக்கம் 5, நேரம் 2 வினாடி. படம் ஒண்ணுதான், யோசனை வேற. இதுக்கு நேர் எதிரா, கயித்துல கட்டின ஒரு குண்டு ஊஞ்சல் மாதிரி ஆடி 5 மீட்டர் கீழ இறங்கும்போது வேகம் என்னன்னு கேட்டா படமே வேற, ஆனா அதே ஒரு வரி, அதே 10. மிஷலின் சீ குழு 1981ல இதைத்தான் காட்டினாங்க. ஃபிசிக்ஸ் கணக்குகளை வகை பிரிச்சு வைங்கன்னா புதுசா படிக்கறவங்க சரிவு ஒரு கட்டு, ஸ்பிரிங் ஒரு கட்டுன்னு படத்தை வச்சு பிரிச்சாங்க, தேர்ந்தவங்க எந்த தத்துவத்தால தீருமோ அதை வச்சு பிரிச்சாங்க.

கலந்து போட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு கணிதத்துல ரோரர், டெய்லர் 2007ல செஞ்ச சோதனை நல்ல சாட்சி. கனவடிவங்களோட கனஅளவு கண்டுபிடிக்கற கணக்கு, ஒரு குழு வகை வகையா போட்டுச்சு, இன்னொண்ணு கலந்து போட்டுச்சு. பயிற்சில வகையா போட்டவங்க 89 சதவீதம், கலந்து போட்டவங்க 60தான். ஒரு வாரம் கழிச்சு டெஸ்ட் வச்சா கலந்து போட்டவங்க 63, வகையா போட்டவங்க 20. அதாவது பயிற்சி நடக்கும்போது எது நல்லா போற மாதிரி தெரிஞ்சுதோ அதுதான் ஒரு வாரத்துல காணாம போச்சு. ஸ்ட்ரீக், ஸ்டார், சதவீதம்னு சைட் காட்டறதெல்லாம் அந்த முதல் எண்ணைத்தான், ஒரு வாரம் கழிச்சு வர்ற எண்ணை எதுவும் காட்டறதில்ல. அதனால புது பாடத்துல ஒரு அஞ்சாறு கேள்வி சேந்தாப்ல போட்டு கை பழகினதும் பழைய பாடங்களோட கலந்துடணும், சைட்ல மிக்ஸ்ட் ப்ராக்டிஸோ யூனிட் டெஸ்டோ இருந்தா அதை கடைசி நாளுக்குன்னு வச்சிருக்காம நடுநடுவுல எடுக்கணும். மார்க் குறையும். குறையட்டும்.

நோட்ஸை திரும்பத் திரும்ப படிக்கறதும் இதே வகை ஏமாத்துதான். ரோடிகர், கார்பிக் 2006ல காட்டினது, படிச்சதை திரும்ப படிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு வச்ச டெஸ்ட்ல முன்னாடி, ஒரு வாரம் கழிச்சு வச்சதுல மூடி வச்சுட்டு ஞாபகத்துலேந்து எழுதிப் பாத்தவங்க முன்னாடி. ஆன்லைன் கேள்வியோட பலமே இதுதான், அது கேக்குது, நாம உள்ளேந்து எடுக்கணும். அந்த பலத்தை நாமளே கெடுத்துக்கற வழி ஹிண்ட் பட்டன். கேள்விய முழுசா படிக்காமலே ஹிண்ட், அடுத்த ஹிண்ட், கடைசி ஹிண்ட்ல விடையே இருக்கும், அதை பெட்டில ஒட்டு. அடுத்தவன் சாப்பிட்டதுக்கு நமக்கு ஏப்பம் வராது.

விடைய எங்கேந்தோ எடுத்து ஒட்டறதப் பத்தி எம்ஐடிலயே ஒரு ஆய்வு இருக்கு, பிரிட்சார்ட் குழுவோடது, 2010ல வந்துச்சு. ஆன்லைன் ஹோம்வொர்க்ல யார் எவ்வளவு நேரத்துல விடை போட்டாங்கன்னு பதிவு இருக்கும்ல, கேள்விய ஒழுங்கா படிக்கக்கூட நேரம் பத்தாத வேகத்துல வந்த சரியான விடைகளை பிடிச்சாங்க. 30 சதவீதத்துக்கு மேல காப்பி அடிச்சவங்க கோர்ஸ்ல ஃபெயிலாகற வாய்ப்பு சுமார் மூணு மடங்கு. இதுல எனக்கு பிடிச்ச தகவல் வேற, ஆரம்பத்துல கணிதம் ஃபிசிக்ஸ்ல யார் எவ்வளவு கெட்டிங்கறதுக்கும் காப்பிக்கும் பெருசா தொடர்பே இல்ல. தொடர்பு இருந்தது கடைசி நேரத்துக்கு தள்ளிப்போடறதோட, டெட்லைன் நெருங்க நெருங்க காப்பி ஏறிக்கிட்டே போச்சு. சோம்பேறி மக்குன்னு திட்டறதைவிட ரெண்டு நாள் முன்னாடி உக்காந்தா பாதி பிரச்சனை தீரும்னு அர்த்தம். இப்ப ஏஐ வந்த பிறகு முழு ஸ்டெப்போட விடை ஒரு நொடில கிடைக்குது, இது இன்னும் சூட்சுமமான காப்பி, ஏன்னா படிக்கும்போது ஒவ்வொரு வரியும் புரியும், புரியறதால நமக்கு தெரியும்னு தோணும். அதுகிட்ட கேக்கறதா இருந்தா நீங்க எழுதினத போட்டு எந்த வரில தப்புன்னு மட்டும் கேளுங்க, சொல்றதையும் அப்படியே நம்பாதீங்க, குறி, திசை விஷயத்துல அது தைரியமா தப்பு சொல்லும்.

ஆனா இதையெல்லாம் கேட்டுட்டு, புத்தம்புது பாடத்துல உதவியே இல்லாம முட்டி மோதணும்னு நினைக்காதீங்க. ஜான் ஸ்வெல்லரும் கூட இருந்தவங்களும் 1980கள்லயே காட்டினது, புதுசா கத்துக்கறவங்களுக்கு தீர்த்து வச்ச கணக்கை நிதானமா படிக்கறது தானே தடுமாறறதைவிட பலன் தரும். கொஞ்சம் தெரிஞ்ச பிறகு அந்த பலன் போயிடும், அப்ப தானா போடறதுதான் மேல். அதனால ரெண்டு மூணு தீர்த்த கணக்கை, ஒவ்வொரு வரிக்கும் இது ஏன் வந்துச்சுன்னு கேட்டுக்கிட்டே படிச்சுட்டு, அப்புறம் அதை மூடிட்டு அதே கணக்கை வெறும் பேப்பர்ல போட்டுப் பாத்து, அதுக்கு அப்புறம் சைட்டுக்கு போங்க.

கண்ணுக்கு தெரியாத பாடங்களுக்கு, மின்சுற்று, அலை, மின்புலம் மாதிரி, சிமுலேஷன் ரொம்ப உதவும். ஃபெட்ங்கற (PhET) ஆன்லைன் சிமுலேஷன் தொகுப்பு இலவசமா கிடைக்குது, 2001ல ஃபிசிக்ஸ் நோபல் வாங்கின கார்ல் வீமன் 2002ல கொலராடோ பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்சது. அதுலயும் சும்மா ஸ்லைடரை இழுத்து விளையாடினா விளையாட்டுதான். பேட்டரியோட ஒரு பல்பு எரியுது, பக்கவாட்டுல இன்னொரு பல்பை இணையா சேத்தா முதல் பல்பு மங்குமா மங்காதான்னு முதல்ல எழுதிட்டு அப்புறம் சேத்துப் பாக்கணும். மங்காது, பேட்டரி உள்ள மின்தடை இல்லன்னு வச்சிருக்கற வரைக்கும். அந்த மின்தடைய கொஞ்சம் ஏத்திட்டு அதையே பண்ணுங்க, மங்கும். ஏன்னு ஓம் விதிய வச்சு நாலு வரி எழுதிப் பாத்துட்டு, அதே சுற்றுக்கு மின்னோட்டம் எவ்வளவுன்னு எண் போட்டு, சிமுலேஷன்ல அம்மீட்டரை மாட்டி ஒத்து வருதான்னு பாக்கலாம், ஒத்து வரலன்னா பெரும்பாலும் மொத்த மின்தடைய கணக்கு பண்ற இடத்துல உள்மின்தடைய சேக்க விட்டிருப்பீங்க.